எழுதியவனும் உடையவனும்

ஆனந்த சமரக்கோன் என்னும் பெயரை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் இருத்தல் அரிது. நாள்தோறும் காலையில் பாடசாலை முற்றங்களில் எழும் தேசிய கீதத்தை ஆக்கியவர் அவர். சாந்திநிகேதனத்திற் பயின்று மீண்டு, காலி மகிந்தக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1940ஆம் ஆண்டில் அப்பாட்டை எழுதி, இசையும் அமைத்தார். அவர் அதனை ஆக்கிய கதை பலருக்கும் தெரியும். அதனை இழந்த கதையோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தம் பாடல்களை நூலாக வெளியிட்ட வகையில், அவற்றின் உரிமை சமரக்கோனின் கையைவிட்டு வெளியிட்டவரிடம் போயிற்று. 1950ஆம் ஆண்டில் அரசாங்கம் அப்பாட்டின் உரிமையை 2500 ரூபா கொடுத்து வாங்கியபோது, அப்பணம் பாட்டை ஆக்கியவரைச் சென்றடையவில்லை. 1951 நவம்பர் 22ஆம் நாள் அது நாட்டின் கீதமாக முறைப்படி ஏற்கப்பட்டது. ஆக்கியவர் ஏழையாகவே இருந்தார்.

இது முதல் இழப்பு. இதனினும் கொடிய இன்னோர் இழப்பு பின்னர் வந்தது. பாட்டின் முதற்சொற்கள் தீய கணத்தில் அமைந்துவிட்டன என்றும், நாட்டுக்கு நேர்ந்த துன்பங்களுக்கு அதுவே காரணம் என்றும் சிலர் சொல்லத் தொடங்கினர். 1952இல் ஒரு பிரதமர் குதிரையிலிருந்து வீழ்ந்து மாண்டதற்கும், 1959இல் மற்றொரு பிரதமர் சுடப்பட்டு மாண்டதற்கும் ஒரு பாட்டின் முதலடி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று! நம் பாட்டியல் நூல்களும் மங்கலச்சொல், கணப்பொருத்தம் என்றெல்லாம் வகுத்துரைப்பன ஆகலின், இதனைக் கண்டு நகைக்கும் தகுதி நமக்கும் அதிகம் இல்லை. 1961 பெப்ரவரியில் முதற்சொற்கள் மாற்றப்பட்டன. சமரக்கோன் அதனை வன்மையாக எதிர்த்தார். எதிர்ப்பு எடுபடவில்லை. 1962 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் தம் கையாலேயே தம் வாழ்வை முடித்துக்கொண்டார்.

ஒரு மனிதன் ஏன் அம்முடிவுக்கு வருகிறான் என்பதைப் பிறர் அறுதியிட்டுக் கூற இயலாது. அதனை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். அன்று அவர் ஒரு சட்டத்தரணியிடம் சென்றிருந்தால் அச்சட்டத்தரணி என்ன சொல்லியிருப்பார்? அக்காலத்தில் நம் நாட்டில் வழங்கியது 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். அச்சட்டம் எழுத்தை ஒரு சொத்தாக மட்டுமே கண்டது. சொத்தை விற்றவன், வாங்கியவன் அதன் சுவரை இடித்தாலும் சாளரத்தை மாற்றினாலும் கேட்பதற்கில்லை. ஆகவே “ஐயா, உங்களுக்கு வழியில்லை” என்பதே பெரும்பாலும் விடையாயிருந்திருக்கும்.

இன்று அந்நிலை இல்லை. 1979ஆம் ஆண்டின் சட்டக்கோவையும், அதனை அகற்றி வந்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எழுத்தாளனுக்கு இருவகை உரிமைகளை வகுத்துக் கொடுத்துள்ளன. ஒன்று பொருளாதார உரிமை: அச்சிடுதல், மொழிபெயர்த்தல், நாடகமாகவோ படமாகவோ ஆக்குதல், ஒலிபரப்புதல் போன்றவற்றைத் தான் செய்யவும் பிறரைச் செய்யவிடவும் உள்ள உரிமை. மற்றையது தார்மிக உரிமை: ஆக்கத்தோடு தன் பெயர் வரவேண்டும் என்பதும், தன் மதிப்புக்குப் பங்கம் வரத்தக்க முறையில் அதனைத் திரிக்கவோ சிதைக்கவோ கூடாது என்பதும். முன்னையதை விற்றுவிட்ட பின்னரும் பின்னையது எழுதியவனிடமே நிற்கிறது. அவன் உயிரோடிருக்கும்வரை அதனை இன்னொருவருக்குக் கைமாற்றவும் இயலாது. சமரக்கோன் இழந்த இரண்டனுள் இரண்டாவதை இன்றைய சட்டம் காத்திருக்கும். முதலாவதையோ எந்தச் சட்டமும் காத்திராது. அதனைக் கைமாற்றியவர் அவரே.

இவ்விடத்தில்தான் நம் எழுத்தாளரோடு எமக்கு ஒரு வழக்கு உண்டு.

நம்மவர் காணி விடயத்தில் எத்தகையவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லை வேலியில் ஒரு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குக் கோட்டுப் படியேறுவோம். அரைப் பரப்புக் காணிக்கும் உறுதி, தோம்பு, நில அளவைப் படம் எல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதே வீட்டில், அதே மனிதர், இருபது ஆண்டு இரவு விழித்து எழுதிய கதைகளை, “தம்பி, இதைத் தொகுப்பில் போடட்டோ?” என்று ஒருவர் தொலைபேசியிற் கேட்டதும், “அதுக்கென்ன, போடுங்கோ” என்று சொல்லிவிடுவார். எத்தனை பிரதி, எத்தனை பதிப்பு, எந்த நாட்டில், யாருக்கு வருவாய் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் அது இங்கிதக் குறைவாம். இலக்கியம் வியாபாரமல்லவாம்.

இக்கூச்சத்துக்குச் சங்க காலத்தைச் சாட்சிக்கு அழைப்போரும் உளர். அதியமான் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரின் புறநானூற்றுப் பாட்டை மேடைகளில் எடுத்துக்காட்டி, “புலவன் விலைபேசுபவன் அல்லன்” என்று முடிப்பார்கள். அப்பாட்டை முழுவதும் படித்தால் வேறு பொருள் விளங்கும். புலவர் பரிசிலை வெறுத்தாரல்லர்; குன்றும் மலையும் கடந்து அதற்காகத்தான் வந்தார். அவர் வெறுத்தது தம்மைக் காணாமல், தம் புலமையை அளவிடாமல், போகிறவனுக்குப் போடுவதுபோல் போட்ட பொருளை. தகுதி அறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்பது அவர் கருத்து. அதாவது, எந்த நிபந்தனையில் பெறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தமக்கே உண்டென்று ஓர் அரசனிடம் சொல்லி நின்ற புலவர் அவர். அவரைப் போய் நம் ‘அதுக்கென்ன, போடுங்கோ’வுக்கு முன்னோடியாக்குவது பெரும் அநியாயம்.

பாரதியின் பாடல்களுக்கு நேர்ந்ததைத் தமிழ் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் நன்று. 1921இல் பாரதி மறைந்தார். துணைவியார் செல்லம்மாள் அவர் நூல்களைத் தாமே வெளியிட முயன்றார். வறுமையில் அம்முயற்சி நிலைக்கவில்லை. நாளடைவில் உரிமை பாரதியின் தம்பியார் விசுவநாதனிடம் சேர்ந்தது. நூல்களை அச்சிடும் உரிமையை அவர் வைத்துக்கொள்ள, பாடல்களை ஒலித்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து ஒரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து படமுதலாளி ஏ. வி. மெய்யப்பர் கைக்கு வந்தது. தமிழிற் பேசும்படம் பிறந்ததே 1931இல். அப்புதிய ஊடகத்தில் ஒரு பாட்டு எத்தனை ஆயிரம் பேரைச் சென்றடையும், அதன் விலை என்ன என்பதை அந்நாளில் அளவிட்டுச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தபோது விலை விளங்கிற்று. அதற்கடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்று பாடப்பட்டபோது, உரிமையாளரிடமிருந்து வழக்குப் புறப்பட்டது. நாட்டுக்காகப் பாடியவனின் பாட்டை நாட்டார் பாடுவதற்கு ஒரு முதலாளியின் இசைவு வேண்டுமா என்று தமிழகம் கொதித்தது. 1949இல் சென்னை அரசாங்கம் உரிமைகளை எடுத்துக்கொண்டு, பின்னர் பொதுவுடைமை ஆக்கிற்று. மெய்யப்பர் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இக்கதையை நாம் வழக்கமாக வெற்றிக் கதையாகவே சொல்லி மகிழ்கிறோம். எமக்கு அதில் வேறொன்று தென்படுகிறது. பாரதிக்காக ஓர் அரசாங்கம் எழுந்தது. பாரதியல்லாத மற்றவர்களுக்கு யார் எழுவர்? எந்த முதலமைச்சர் நம் மலைநாட்டுச் சிறுகதையாளன் ஒருவனின் உரிமையை மீட்க ஆணை பிறப்பிப்பார்? தன் எழுத்தைத் தானே காத்துக்கொள்ளாத சிறிய எழுத்தாளனுக்குக் காப்பாளர் இல்லை.

அக்கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. இன்று வெளிநாடுகளிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் நம்மவர்க்கு வரும் ஒப்பந்தத் தாள்கள் சிலவற்றில் “இப்போதுள்ளனவும் இனித் தோன்றுவனவுமாகிய எல்லா ஊடகங்களிலும், எல்லா மொழிகளிலும், உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும்” என்று ஒரு நீண்ட வாசகம் இருக்கிறது. அதன்மேற் கையொப்பமிடுவது, விசுவநாதன் காலத்தில் பேசும்படத்தின் விலை அறியாது உரிமை பிரிந்துபோனதை ஒத்ததே. மின்னூல், ஒலிநூல், தொலைக்காட்சித் தொடர் ஆகியன இன்று நாம் அறிந்தவை. நாளை வருவது எதுவென்று நம்மில் யாருக்குத் தெரியும்? நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் எழுத்தாளனுக்கு ஒரு பெருந்துணை செய்திருக்கிறது. உரிமைமாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும், இருசாராரும் கையொப்பமிடல் வேண்டும், வெளிப்படையாகச் சொல்லப்படாத எந்த உரிமையும் மாறியதாகக் கொள்ளப்படாது என்று அது கூறுகிறது. அந்த நீண்ட வாசகத்தின் நோக்கமே இப்பாதுகாப்பை அழித்துவிடுவதுதான். அதனை அடித்துவிட்டு, “இம்மொழியில், இந்நூல் வடிவில், இத்தனை ஆண்டுக்கு” என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சுகிறோம். நல்ல பதிப்பாளர் கோபிப்பதில்லை. கோபிப்பவரிடமிருந்து எவ்வளவு விரைவில் விலகுகிறோமோ அவ்வளவு நன்று.

தார்மிக உரிமையைக் கைமாற்ற முடியாது என்றோம். ஆனால் அதனை விட்டுக்கொடுப்பதாக எழுத்திற் குறிப்பாகச் சொல்லிக் கையொப்பமிட்டால் அது செல்லும். எனவே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், அப்படியொரு வரி உண்டா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் எழுதும் இளைஞர் இதனை மிகவும் கவனிக்க.

நம்மிடையே பரவியுள்ள சில தவறான எண்ணங்களையும் இங்கே தொட்டுச் செல்லலாம். பத்திரிகையில் வந்த கதை பத்திரிகையின் சொத்தாகிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அப்பத்திரிகையின் ஊழியராகக் கடமையின் பகுதியாக எழுதியது வேறு. அங்கே வேறோர் உடன்பாடு இல்லாவிடின் பொருளாதார உரிமை தொழில்கொள்வோருக்கே உரியது. வெளியே இருந்து அனுப்பிய கதையின் உரிமை, எழுதிக் கொடுத்தாலன்றி, அனுப்பியவரிடமே நிற்கும். பதிவுசெய்யாவிட்டால் உரிமை இல்லை என்பது இன்னொரு மயக்கம். எழுதிய அக்கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவும் முத்திரையும் வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புக்கு உரிமை இல்லை என்பதும் பிழை. மூலத்தின் உரிமையாளரிடம் இசைவு பெறவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் மொழிபெயர்ப்பும் தனியோர் ஆக்கமாகக் காக்கப்படுகிறது. அதனைச் செய்தவர் பெயரும் அதனோடு வரவேண்டியதே. தேசிய கீதத்தைத் தமிழில் ஆக்கித் தந்தவர் புலவர் மு. நல்லதம்பி என்பது எத்தனை மாணவருக்குத் தெரியும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பிற் கற்பிப்பதற்காக ஒரு கவிதையைப் பிரதியெடுத்துக் கொடுப்பதைச் சட்டம் நியாயமான பயன்பாடு என்றே கொள்கிறது. அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே கவிதையை, அதே குறிப்புகளோடு, பரீட்சை வழிகாட்டி என்று அட்டை போட்டு, நானூறு ஐந்நூறு ரூபாவுக்கு விற்கும்போது அது கற்பித்தல் என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. எதற்காகப் பயன்படுத்தப்பட்டது, எவ்வளவு எடுக்கப்பட்டது, எழுதியவனின் விற்பனைக்கு அதனால் என்ன பாதிப்பு என்பவற்றைச் சட்டம் பார்க்கும். பரீட்சைக்குரிய பாடமாக ஒரு சிறுகதை தெரிவுசெய்யப்பட்டால், அதனை ஒட்டி எழும் வழிகாட்டி நூல்களால் அச்சகத்தார் வாழ்கின்றனர், தனியார் வகுப்பு நடத்துவோர் வாழ்கின்றனர். கதையை எழுதியவருக்கு அதன் பிரதியொன்றேனும் தபாலிற் போவதில்லை. சில வழிகாட்டிகளிற் கதையைச் சுருக்கி, முடிவையும் மாற்றி, எழுதியவர் பெயரில் அச்சிட்டிருப்பர். அம்முடிவையே ஆசிரியர் கருத்து என்று மாணவன் விடைத்தாளில் எழுதுவான். கவிஞன் ஒருவனின் முதலடியை மாற்றியதற்காக அன்றைய அரசாங்கத்தைக் குறைகூறும் நாம், இதனையும் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம்.

வருவாய் என்ற பேச்சை எடுத்தால், “ஈழத்தில் தமிழ் நூல் விற்பதே இல்லை, இல்லாத வருவாய்க்கு எதற்கு ஒப்பந்தம்?” என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. வீரகேசரிப் பிரசுரம் நாவல்களை வரிசையாக வெளியிட்ட எழுபதுகள் போன்ற காலம் மீண்டும் வரவில்லை. பெரும்பாலான எழுத்தாளர் தாமே அச்சகத்துக்குப் பணம் கட்டி, தாமே பொதி சுமந்து, கடைகளில் ‘விற்றபின் தருவோம்’ என்ற நிபந்தனையில் வைத்துவிட்டு, விற்றதா இல்லையா என்று கேட்கவும் வெட்கப்பட்டு நடக்கின்றனர். வெளியீட்டு விழா என்பதே நம்மிடையே ஒரு மறைமுகமான நிதிதிரட்டல். முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர், கடித உறையை நீட்டி ஒளிப்படத்துக்கு முகம் காட்டும் உறவினர் எல்லாருமாகச் சேர்ந்து அச்சுக்கூலியை மீட்டுக் கொடுக்கிறார்கள். அது கலியாண வீட்டில் மொய் எழுதுவதைப் போன்றதோர் அன்பு. அதனை இகழ நாம் முற்படவில்லை. ஆனால் உறையைக் கொடுத்தவர்களிற் பலர் நூலைப் பிரிப்பதில்லை என்பதை எழுதியவரும் அறிவார். வாசகன் தரும் விலை சிறிதாயினும், அதில் உள்ள மதிப்பு உறையில் இல்லை.

வருவாய் இல்லாத இடத்தில்தான் ஒப்பந்தம் மிகவும் வேண்டும் என்பதே எம் கட்சி. பணம் கொழிக்கும் இடத்தில் அதன் பங்குக்காக எவரும் விழிப்பாயிருப்பர். ஒன்றுமில்லை என்று எண்ணிக் கொடுத்துவிட்ட பொருளுக்கே பின்னாளில் விலை வருகிறது. சமரக்கோனின் நூல் வெளிவந்தபோது அதிலுள்ள ஒரு பாட்டு ஒரு நாட்டின் கீதமாகும் என்று அவரும் அறியார், வெளியிட்டவரும் அறியார்.

இனி, மறுபக்கம் ஒன்றுண்டு. உரிமையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு அதனைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. இன்றைய சட்டப்படி எழுதியவன் இறந்தபின்னும் 70 ஆண்டுக்கு உரிமை நிற்கும். அ. ந. கந்தசாமி 1968இல் மறைந்தார். ஆகவே அவர் எழுத்துக்கள் 2038வரை உரிமைக்குட்பட்டவை. இவ்வளவு நீண்ட காலம் யாருக்கு நன்மை? பெரிய பதிப்பகமும் செல்வமுள்ள வழித்தோன்றல்களும் உள்ள நாடுகளுக்கு அது பொருந்தலாம். நம் நிலை வேறு. 1983க்குப் பின் எழுத்தாளரின் குடும்பங்கள் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சென்னை என்று சிதறிவிட்டன. எழுத்தோ பழைய வாரப் பதிப்புகளில் மக்கிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது போனவை போக எஞ்சியவற்றை ஒருவர் தேடித் தொகுத்து அச்சிட விரும்பினால், யாரிடம் இசைவு கேட்பது என்பது தெரிவதில்லை. மூன்று பிள்ளைகளில் ஒருவர் சம்மதிக்கிறார், ஒருவர் பதில் எழுதுவதில்லை, மற்றவரின் முகவரியே இல்லை. கேட்காமல் அச்சிட்டால் குற்றம்; கேட்டுக்கொண்டே இருந்தால் தாள் பொடியாகிவிடும். திருட்டுப் பதிப்பினால் அழிந்த ஈழத்து எழுத்தினும், இவ்வாறு உடையவர் தெரியாமல் அழியும் எழுத்தே மிகுதி என்பது எம் எண்ணம்.

இதற்கு மருந்து எழுத்தாளன் உயிரோடிருக்கும்போதே அவன் கையில் இருக்கிறது. மரணசாதனம் எழுதும்போது வீடு வளவு நகைகளோடு, எழுத்துரிமை இன்னாருக்கு, அல்லது இன்ன சங்கத்துக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதுவது போதும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத வீடுகளில் இவ்வரியின் தேவை இன்னும் பெரிது. என் காலத்துக்குப் பின் எவரும் அச்சிடலாம், பெயரும் பாடமும் மாறாதிருந்தாற் போதும் என்று ஒருவர் எழுதிவைத்தால், அதுவும் உரிமையைப் பயன்படுத்தும் ஒரு முறையே. தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் உள்ள வேற்றுமை அது.

தனியொருவர் இதனையெல்லாம் தேடிக் கற்றுச் செய்ய இயலாது என்பதை ஒப்புகிறோம். இங்கே நம் சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊருக்கு ஓர் இலக்கிய வட்டம் உண்டு; ஆண்டுவிழா, பொன்னாடை, மலர் வெளியீடு எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. அவ்வட்டங்களுள் ஒன்று, நல்ல தமிழில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு மாதிரி உடன்படிக்கையை ஆக்கி அச்சிட்டு வைக்கட்டும். எந்த உரிமை, எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எழுதியவருக்கு எவ்வளவு, எப்போது கணக்கு, நூல் இருப்பில் இல்லாது போனால் உரிமை எப்போது திரும்பும் என்பவற்றுக்கு வெற்றிடம் விட்டிருந்தாற் போதும். பணம் இல்லையென்றால் ‘பணம் இல்லை, பத்துப் பிரதி’ என்றே அவ்விடத்தில் எழுதலாம், எழுதியிருப்பதே முக்கியம். அதனோடு, எழுத்தாளர் பெயர், அவர் உரிமையை ஏற்போர் பெயர், முகவரி ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பதிவேட்டையும் திறந்து வைக்கட்டும். நம் சட்டத்தரணிகளுள் கவிதை எழுதாதவர் சிலரே ஆகலின், மாதத்தில் ஒரு மாலை வந்திருந்து இளைஞரின் தாள்களைப் பார்த்துச் சொல்ல ஒருவரேனும் அகப்படாமற் போகார்.